முப்பத்து நாலாம் டோக்கன்

சாவியைத் தாசில்தாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார்.
ஆபீசில் ஒரு ஆணிகூடக் குறையவில்லை.
பீரோவைத் திறந்தேன்.
பணமில்லை, பட்டுச்சேலையில்லை,
தண்ணீர்.
நூற்றுப் பன்னிரண்டு பாட்டில்,
ஒவ்வொன்றின் கழுத்திலும் பிளாஸ்திரி,
அதில் நர்ஸம்மா கையெழுத்து:
ஊமைச்சிப்பட்டி, கிழக்குத் தெரு அடிபம்பு.
ஆடி ஒன்பது.
குடிக்கிற வீடு நாற்பது.
சிறுநீரகம் போனவர்கள் ஆறு.

செவந்தியம்மாள்.
இருபத்திரண்டு வருஷம் ஊசியும் தராசுமாய்
மேலூர்ப் பக்கம் சைக்கிள் மிதித்தவர்.
பத்து வருஷம் எங்கள் எம்.எல்.ஏ.

நான் அவரை ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தவன்.
எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
‘கிரஷரை மூடச் சொல்றாக,
உங்க கஞ்சிப் பானையை மூடச் சொல்றாக’
மைக் கட்டிய ஆட்டோ பதினெட்டு
ஒரு மாதம் இதையே கத்திற்று.
அந்தக் கிரஷர்களில் இரண்டு
என் மச்சினன் பேரில் இருப்பதை
எந்த ஆட்டோவும் சொல்லவில்லை.

அவைக் குறிப்புகளைக் கட்டுக்கட்டாக விட்டுப்போயிருந்தார்.
தூக்கம் வராத ராத்திரிகளில் படித்தேன்.
கேள்வி: குவாரித் தொழிலாளர்க்கு
நுரையீரல் பரிசோதனை செய்ய அரசு ஆவன செய்யுமா?
பதில்: பரிசீலனையில் உள்ளது.
மறுவருஷம் அதே கேள்வி.
பரிசீலனையில் உள்ளது.
மூன்றாம் வருஷம் கேள்விக்குள்
நாலு ஆட்களின் பெயர் சேர்ந்திருந்தது.
நாலாம் வருஷம்
அந்த நாலு பெயருக்கும் முன்னால் ‘காலஞ்சென்ற’.
பதிலுக்கு மட்டும் ஆயுசு கெட்டி.

பாட்டிலோடு சபைக்குப் போனாரே, அந்த நாளை
மாட்டுத்தாவணி டீக்கடை டிவியில் பார்த்தேன்.
வாசலில் காவலர் பிடுங்கிக்கொண்டார்.
உள்ளே போய் எழுந்து நின்று,
“மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே,
என் தொகுதித் தண்ணீரை ஆபத்தான பொருளென்று
வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.
நானும் அதைச் சொல்லத்தான் வந்தேன். நன்றி”
என்று உட்கார்ந்துவிட்டார்.
சபையே சிரித்தது.
கையில் பஜ்ஜியோடு நானும்.

என்னதான் சாதித்தார் என்று மேடைதோறும் கேட்டவன் நான்.
தாலுகா ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின் மூன்று.
மதுரைப் பெரியாஸ்பத்திரி வரை போய்
ராத்தங்காமல் திரும்புகிறார்கள் இப்போது.
கண்மாயில் மருத்துவக் கழிவு கொட்ட வந்த லாரியை
நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு
விடியும்வரை மறித்து நின்றது ஒன்று.
அப்புறம் ஒரு அரசாணை,
கிரஷர்களில் தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்க.
அவர் எழுதிக் கொடுத்தது ‘தெளிக்க வேண்டும்’.
கோட்டையில் மேஜை மேஜையாய் நகர்ந்து வெளியே வந்தது
‘தேவைப்படின் தெளிக்கலாம்’.
அந்த ஒரு ‘தேவைப்படின்’மேல்தான்
என் மச்சினன் மாடி கட்டினான்.
கிரகப்பிரவேசத்தில் பந்தி விசாரித்தேன்.

ஓட்டு எண்ணி முடிந்ததும் வந்து கை கொடுத்தார்.
கொடுத்த கை கொஞ்சம் மேலேறி
என் மணிக்கட்டில் நின்றது.
“பிரஷருக்கு மாத்திரை போடுறீகளா?”
போடவில்லை அப்போது.

திங்கட்கிழமை மனு வாங்கும் நாள்.
டோக்கன் முப்பத்து நாலு என்று பையன் கூப்பிட
அவர் வருகிறார்.
மஞ்சப்பை. அதற்குள் பாட்டில்.
நாவினிமேடு காலனி,
போர்த் தண்ணீர் ஊதா நிறத்தில் வருகிறதாம்.
“நீங்க எதுக்குக்கா வரிசையில நின்னுக்கிட்டு?”
“முன்னால முப்பத்து மூணு பேர் இருந்தாகளே.”

மனுவின் தலைமாட்டில்
‘ஆவன செய்க’ என்று கிறுக்கிக்
கையெழுத்தைப் போட்டு நீட்டினேன்.
பச்சை மை காய்கிறவரை ஊதினார்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.
இரண்டாந்தரமும் படித்தார்.
திருப்பி என் மேஜைமேலேயே வைத்து
விரலால் ஓரமாய்த் தட்டிக் காட்டினார்.

“தேதி போடுங்க.”